பல நிதி நிறுவனங்களுக்குப் பொதுவான மென்பொருளுக்கு ஆள் எடுப்பது எப்படி?

பணப்பரிமாற்ற வலையமைப்பு, நிறுவனங்களுக்கிடையிலான கொடுக்கல்-வாங்கல்களைக் கணக்குத் தீர்க்கும் தீர்வகம், வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு என்று பல நிதி நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஆள் எடுக்கும்போது, ஒரு தனி வங்கியின் செயலிக்கு வைக்கும் அளவுகோல் போதாது. பொது அமைப்பில் நேரும் ஒரு பிழை எல்லா உறுப்பு நிறுவனங்களையும் ஒருசேரத் தாக்கும். அவை தத்தம் வசதிப்படியே புதிய பதிப்புக்கு மாறுவதால், பழையதும் புதியதும் பல மாதங்கள் சேர்ந்தே ஓட வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் நிரல்மொழிகளை அடுக்குவதைவிட, செய்யப்போகும் வேலையையும் இரவுநேரப் பொறுப்பு உண்டா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். நிதி நிறுவனங்கள் தமக்குள் அனுப்பும் மின்னணுச் செய்திகளின் வடிவத்தை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 20022 போன்ற தரங்களில் பழக்கம் இருந்தால் நல்லது, ஆனால் அதை நிபந்தனையாக்க வேண்டாம். திறமையுள்ளவர் அதை வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்வார்.

நேர்முகத்தில் புதிர்க் கணக்குகளைத் தவிர்த்து, உங்கள் வேலையிலிருந்தே ஒரு சிக்கலைக் கொடுங்கள். நான் கேட்க விரும்பும் கேள்வி இது: பணம் அனுப்பும் கோரிக்கை வந்து, கணக்கில் பற்றும் வைத்தாயிற்று, ஆனால் பதில் போய்ச் சேருமுன் இணைப்பு அறுந்துவிட்டது, அனுப்பியவர் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்புகிறார், இப்போது என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வேண்டும் என்று பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணும் பற்றுப் பதிவும் ஒரே பரிவர்த்தனையில், அதாவது இரண்டும் சேர்ந்தே அல்லது இரண்டுமே இல்லாமல், தரவுத்தளத்தில் ஏற வேண்டும் என்பதையும், அதே எண் வேறு தொகையோடு வந்தால் மறுக்க வேண்டும் என்பதையும் கேட்காமலே சொல்பவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொகையை எந்த வடிவில் சேமிப்பார் என்றும் கேளுங்கள்: 0.1, 0.2 ஆகியவற்றை மிதவைப்புள்ளி எண்களாக (கணினி பின்னங்களைத் தோராயமாக வைக்கும் வடிவில்) கூட்டினால் 0.30000000000000004 என்று வரும் என்பதும், நடைமுறையில் ஜப்பானிய யென்னுக்குப் பின்னமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று தசம இடங்கள் உண்டு என்பதும் அவர் பேச்சில் வந்தால், பணத்தோடு பழகிய கை என்று தெரிந்துவிடும்.

அடுத்து, புதிய பதிப்பை எப்படி வெளியிடுவார் என்று கேளுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தில் எட்டு சர்வர்களுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டதால், அதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. இந்நிகழ்வை விவரித்து, எந்தெந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று பேசவிடுங்கள். கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடிப்பவரைவிட, சரிபார்ப்பு, படிப்படியான வெளியீடு, உடனடி நிறுத்தம் என்று அடுக்கடுக்காக யோசிப்பவரே இவ்வேலைக்கு ஏற்றவர்.

எழுத்துத் திறனையும் பாருங்கள், ஏனெனில் போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களிடம் ஒரு மாற்றத்துக்குச் சம்மதம் பெறுவது பெரும்பாலும் எழுத்தின் வழியேதான் நடக்கும். திறந்தமூலத் திட்டங்களில் பங்களித்தவரானால், அவர் எழுதிய நிரலோடு, பிறர் நிரலுக்கு அவர் தந்த கருத்துகளையும் படியுங்கள்.

தேர்வுக் குழுவில் உறுப்பு நிறுவனப் பொறியாளர் ஒருவரும், அமைப்பை அன்றாடம் இயக்குபவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். நள்ளிரவில் கோளாறு வந்தால் முதலில் எழுப்பப்படுபவர் இரண்டாமவர் என்பதால், வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவே முடிவாகட்டும்.