தேயிலைத் தோட்டத்துக்குப் புத்தக வண்டி: எங்கே சறுக்குகிறோம்?

கேரளத்தின் மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புத்தக வண்டி விடக் கிளம்புகிறவர்கள் முதலில் வீடு வீடாகப் பழைய புத்தகம் சேர்ப்பார்கள். வந்து சேர்வது காலாவதியான நுழைவுத்தேர்வு கைடும் அட்டை போன பாடநூலும்தான். நம் வீட்டுப் பரணைக் காலி செய்ய லயத்து மக்களா, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களா கிடைத்தார்கள்? கறாராகக் கழித்துவிடுங்கள். நல்ல புத்தகம் நூறு இருந்தால் தொடங்கிவிடலாம்.

பெரிய பஸ்ஸும் வேண்டாம். மன்னார்குடி வட்டாரத்தில் 1931இல் மாட்டுவண்டியிலேயே நூலகம் ஊர் ஊராகப் போனது. தோட்டத்து மண்பாதையில் ஜீப் ஏறும், அது போதும்.

நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலை பதினொரு மணிக்குப் போனால் வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். கொழுந்து எடுக்கப் போனவர்கள் எடை போட்டுவிட்டு வர மாலையாகும். சரி, ஞாயிறு போகலாம் என்றால் காலையில் பாதிப் பேர் பஜாரில் இருப்பார்கள். டிவிஷனில், அதாவது தோட்டத்தின் அந்தப் பிரிவில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

அப்புறம் மொழி. தமிழர்கள்தானே என்று தமிழ்ப் புத்தகமாக அள்ளிக்கொண்டு போகிறோம். தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளும் நிறைய. வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசும் பையன் தமிழ் எழுத்தைப் பார்த்தால் திணறுவான். அவன் அம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வரும், மலையாளம் வராது. பாட்டிக்கு இரண்டும் வராமல் இருக்கலாம். ஒரே வீட்டுக்குள் இத்தனை விதம். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் போன்றவை ஒரே படக்கதையைப் பல மொழிகளில் வெளியிடுகின்றன. அதன் தமிழ்ப் பிரதியையும் மலையாளப் பிரதியையும் சேர்த்தே கொடுங்கள். அம்மா உரக்க வாசிக்கட்டும், பையன் தன் பிரதியில் தொடரட்டும், பாட்டியும் கேட்பார். மலையாளப் புத்தகம் கேட்கிற பிள்ளையிடம் "தமிழ் மறந்துபோச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை மறுபடி வண்டிப் பக்கம் வராது.

தொலைந்துவிடுமே என்று முன்பணம், அபராதம் வைப்பது இன்னொரு வினை. நூல்கள் பயன்படுத்தவே என்பதுதான் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதல் விதி. சில புத்தகங்கள் போகும், போகட்டும். கிழிந்து வந்தால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுங்கள்.

ஜூனில் மழை பிடித்தால் பூசணம் வரும். ஈரப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தால் இன்னும் மோசம்; விரித்துக் காயவைத்த பிறகே அடுக்குங்கள். பாதை அடைபட்டு வண்டி போக முடியாத வாரமும் வரும். அதில் தவறில்லை, சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தவறு. பிள்ளைகள் மழையில் நின்று காத்திருப்பார்கள். கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர் என்று அங்கே ஒருவருடைய போன் எண்ணை வாங்கி வைத்து, வராத அன்று காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அடுத்து என்றைக்கு வருவீர்கள் என்பதையும் சேர்த்து.