எலிகளில் கதிர்வீச்சும் ஓமோனும்: வன்னி ஆய்வுகூடத்தில் செய்யும் முறை

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எலிகளை வளர்த்து, கதிர்வீச்சு அவற்றின் ஓமோன் மட்டங்களை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கப்போகிறீர்களா? கதிர்வீச்சுக்கும் முன்னால் யோசிக்க வேண்டியது பயணத்தை. கதிர்மூலம் உள்ள இடத்துக்கு ஏ9 வீதியில் குலுங்கிப் போன எலிக்கு, கதிர் படாமலேயே கோர்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஓமோன் ஏறிவிடும். ஆகவே ஒப்பிடுவதற்காகக் கதிர் கொடுக்காமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு எலிகளும் அதே வாகனத்தில் போக வேண்டும். அதே பெட்டியில் அதே நிமிடங்கள் அடைபட்டிருக்க வேண்டும். மூலம் மட்டும் திறக்கப்படக் கூடாது. ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட்டுப் போன எலிகள் கட்டுப்பாட்டுக் குழு ஆகமாட்டா.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியையும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் மூலத்துக்கு உரிமம் இருப்பதையும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

எலிகள் வந்ததும் குறைந்தது 7 நாள் பழகவிடுங்கள். அறை 22 பாகைக்கு 2 கூடக் குறைய. 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கரண்ட் நின்றால் அறை சட்டென்று சூடாகிவிடும். வெப்பமும் ஓமோனை மாற்றும் என்பதால் மின்பிறப்பாக்கி இல்லாமல் தொடங்க வேண்டாம். தளபாடக் கடை மரத்தூளைக் கூட்டில் போடாதீர்கள். பைன் போன்ற பிசின் மரத்தூள் ஈரல் நொதியங்களைத் தூண்டும், ஸ்டீரொயிட் ஓமோன்கள் உடையும் வேகமும் மாறும்.

எலியின் முழு உடலுக்கும் சுமார் 7 கிறே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தால் 30 நாளில் பாதி எலிகள் இறந்துபோகலாம். ஓமோனைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் அதற்கு நன்றாகக் கீழே நில்லுங்கள். பெட்டிக்குள் எலி இருக்கும் இடத்திலேயே டோஸை அளந்து பாருங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் வரும்.

இனி குருதி. பெரும்பாலான முடிவுகள் கெடுவது இங்கேதான். கூட்டைத் தொட்டதிலிருந்து 3 நிமிடத்துக்குள் குருதி எடுத்துவிட வேண்டும். பிந்தினால் நீங்கள் அளப்பது உங்கள் கை கொடுத்த பயத்தை. எல்லா எலிகளுக்கும் காலையில் ஒரே நேரம் வையுங்கள். எலி இரவில் திரியும் பிராணி, விளக்கு அணையும் நேரத்தில் அதன் கோர்ட்டிகோஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும். 250 கிராம் எலியில் சுமார் 16 மில்லிலீற்றர் குருதி உண்டு. ஒரே தடவையில் 1.6க்கு மேல் எடுக்க வேண்டாம். அரை மணி உறையவிட்டு, 1500 ஜீயில் (புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு விசையில்) 10 நிமிடம் மையநீக்கியில் சுற்றுங்கள். ஜீயும் சுழற்சி எண்ணிக்கையும் ஒன்றல்ல. 8 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சுழலியில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,100 சுற்று. மேலே தெளிந்து நிற்கும் திரவமான சீரம் சிவப்பாக இருந்தால், குருதிக் கலங்கள் உடைந்திருக்கும், ஒதுக்கிவையுங்கள். நல்லதைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் கெட்டுவிடும்.

எலியின் முதன்மை அழுத்த ஓமோன் கோர்ட்டிகோஸ்டிரோன். மனிதரின் அழுத்த ஓமோனான கோர்ட்டிசோலை அளக்கும் கிட்டை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். எலைசா (பிறபொருளெதிரிகளைக் கொண்டு ஓமோனை அளக்கும் சோதனை) தட்டில் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் போடுங்கள். 32 பாகை அறையில் அடைகாத்தால் வாசிப்பு மாறும். கிட் சொல்லும் வெப்பநிலையைக் கைவிடாதீர்கள்.

ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது. ஒரு எலியில் ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விந்தணுவை உண்டாக்கும் கலங்களை விட, டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் கலங்கள் கதிரைத் தாங்கும். எனவே டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவாக இறங்காமலிருக்க, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் கபச் சுரப்பி ஓமோனான எஃப்எஸ்எச் ஏறியிருக்கக் காணலாம். பெண் எலி என்றால் 4, 5 நாள் இனப்பெருக்கச் சுழற்சியில் எந்த நாள் என்று யோனிப் பூச்சு (யோனிக் கலங்களைக் கண்ணாடியில் பூசிப் பார்ப்பது) எடுத்துக் குறிக்க வேண்டும். தைரொயிட் ஓமோனான டி3 குறைந்திருந்தால் உடனே தைரொயிட் பழுதென்று எழுதிவிடாதீர்கள். கதிர் பட்ட எலி தீனை மறந்து கிடக்கும், பட்டினியும் டி3யைக் குறைக்கும். கதிர் பட்ட எலி தின்ற அளவை மட்டுமே தினமும் எடை பார்த்துக் கொடுத்து வளர்க்கும், கதிர் படாத இன்னொரு குழு இருந்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம்.