ஒரு பாட்டில் அயோடின் போதும், பயாலஜில பாதி புரிஞ்சிடும்

பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு பயாலஜி சொல்லித் தர்ற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கும், ஒளிச்சேர்க்கை ஒரு பாடம், புளோயம் சைலம் இன்னொரு பாடம், செரிமானம் வேற, கணையம் இன்சுலின் வேற, டயாபடீஸ் கடைசில எங்கயோ ஒரு மூலைல வரும், பசங்க ஒவ்வொன்னையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிடுவாங்க. ஆனா இது அஞ்சும் ஒரே கதை. இலை செஞ்ச ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, அரிசிலயும் வாழக்காய்லயும் போய் சேருது, அது நம்ம வாய்க்குள்ள வந்து சர்க்கரையா உடையுது, ரத்தத்துல போய் கலக்குது. அந்த ஸ்டார்ச் இப்ப எங்க இருக்குன்னு காட்டிக்குடுக்கற ஒரே சாமான் அயோடின். அதனால நான் டியூஷன்ல வருஷாவருஷம் இந்த வரிசைலதான் செய்ய வைக்கறேன், வீட்டுல நீங்களும் செய்யலாம், ரெண்டு மூணு நாள் ஆகும்.

மெடிக்கல் ஷாப்ல டிஞ்சர் அயோடின்னு கேளுங்க, இல்லன்னா பொவிடோன் அயோடின் சொல்யூஷன், புண்ணுக்கு போடுவோமே அந்த பிரவுன் மருந்து, அதுவும் வேலை செய்யும். ஆயின்மென்ட் வாங்கிடாதீங்க, அது ஆகாது. கூடவே ஒரு சின்ன பாட்டில் சர்ஜிகல் ஸ்பிரிட். அயோடின அப்படியே ஊத்தினா எல்லாமே கருப்பாதான் தெரியும், அதனால ஒரு சின்ன கிண்ணத்துல தண்ணி எடுத்து சொட்டு சொட்டா விட்டு பால் விடாத டீத்தண்ணி கலர் வர்ற வரைக்கும் கலக்கிக்கங்க. இந்த மஞ்சள் பிரவுன் கலர் ஸ்டார்ச் மேல பட்டா கருநீலமா மாறும். ஏன் மாறுதுன்னு பசங்க கேப்பாங்க, ஸ்டார்ச்சுல இருக்கற அமைலோஸ்ங்கற சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும், அந்த சுருளுக்குள்ள அயோடின் போய் வரிசையா உக்காந்துக்கும், அப்ப அது வெளிச்சத்த உறிஞ்சற விதமே மாறிப்போகுது, அதான் நீலம்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். அயோடின் பட்ட எதையும் வாயில வைக்கக் கூடாது, சாப்பிடற தட்டு கரண்டிய இதுக்கு எடுக்காதீங்க, பழைய பீங்கான் சாசர் ஒன்னு தனியா வச்சுக்கங்க.

முதல்ல கை பழகறதுக்கு ஒரு சுலபமான வேலை, வாழக்காயும் வாழப்பழமும். நல்ல பச்சை வாழக்காய ஒரு துண்டு, நல்லா கனிஞ்சு தோல்ல கரும்புள்ளி விழுந்த பழம் ஒரு துண்டு, ரெண்டுலயும் ரெண்டு சொட்டு விடுங்க. காய் உடனே கருநீலமாயிடும், பழம் கிட்டத்தட்ட அப்படியே பிரவுனாவே நிக்கும். நடுவுல பாதி பழுத்த பழம் கிடைச்சா அதையும் வைங்க, அங்கங்க மட்டும் நீலம் வரும். பழுக்கறதுன்னா என்னன்னு இத விட தெளிவா யாராலயும் சொல்ல முடியாது, உள்ள இருந்த ஸ்டார்ச்ச பழமே தன்னோட நொதிகள (என்சைம்) வச்சு சர்க்கரையா உடைச்சுக்கிச்சு, எத்திலீன்ங்கற வாயு ஹார்மோன்தான் அந்த வேலைய ஆரம்பிச்சு வைக்குது. ஹார்மோன் பாடத்துல ஒரு வரியா வர்ற எத்திலீன் இங்க கண்ணு முன்னாடி நிக்குது.

இப்ப இலை. இதுலதான் நிறைய பேருக்கு தப்பா போகுது, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

எந்த இலைங்கறது ரொம்ப முக்கியம். மெல்லிசான இலை வேணும், செம்பருத்தி ரொம்ப நல்லா வரும். மா இலை, ரப்பர் செடி மாதிரி தடிச்ச மெழுகு பூசின இலைல ஸ்பிரிட் உள்ள போக ரொம்ப நேரம் எடுக்கும். வெங்காயத்தாள் வேண்டவே வேண்டாம், வெங்காயம் இலைல ஸ்டார்ச்சா சேத்து வைக்கறதே இல்ல, சர்க்கரையாவே வச்சுக்கும், அதனால என்ன செஞ்சாலும் நீலம் வராது.

புத்தகத்துல செடிய 48 மணி நேரம் இருட்டுல வைன்னு போட்டிருப்பாங்க. தொட்டிச் செடின்னா தூக்கி ரூமுக்குள்ள வைக்கலாம், தோட்டத்துல வேர் விட்டு நிக்கற செம்பருத்திய எங்க தூக்கறது? அதுக்கு நான் செய்யறது இதுதான், சாயங்காலம் ஒரு இலைய தேர்ந்தெடுத்து அதோட நடுவுல மேலயும் கீழயும் கருப்பு சார்ட் பேப்பர் பட்டை வச்சு ரெண்டு பக்கமும் கிளிப் போட்டுடுவேன். ராத்திரில இலை தன்கிட்ட இருக்கற ஸ்டார்ச்ச சுக்ரோஸ்ங்கற சர்க்கரையா மாத்தி புளோயம்ங்கற குழாய் வழியா வேருக்கும் தண்டுக்கும் அனுப்பிடும், மறுநாள் வெயில் அடிக்கறப்ப மூடின இடத்துல மட்டும் புதுசா செய்ய முடியாது. ரெண்டு நாள் அப்படியே விட்டுட்டு மூணாவது நாள் மத்தியானம் மூணு மணிக்கு மேல பறிங்க. காலைல பறிக்காதீங்க! ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி ஆறு மணிக்கு பறிச்சு கொண்டு வந்து "சார் எங்கயுமே நீலம் வரல"ன்னு முகம் வாடி நிக்கற புள்ளைங்கள நான் வருஷாவருஷம் பாக்கறேன். சோதனை தப்பில்ல, இலை ராத்திரியோட ராத்திரியா சரக்க அனுப்பிட்டு காலியா இருக்கு, அவ்வளவுதான். சொல்லப்போனா ஒரே செடில காலைல ஒரு இலை, சாயங்காலம் ஒரு இலை எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா புளோயம் என்ன வேலை பாக்குதுன்னு பாடம் நடத்தவே தேவையில்ல. மழை மூடாக்கு போட்ட நாள்லயும் கலர் வெளுப்பாதான் வரும், நல்ல வெயில் நாளா பாத்துக்கங்க.

பறிச்ச இலைய முதல்ல கொதிக்கற தண்ணில ஒரு நிமிஷம் போடுங்க, இலை துவண்டு போகும், செல்லெல்லாம் செத்து சவ்வு உடைஞ்சா தான் அயோடின் உள்ள போகும். அடுத்தது ஸ்பிரிட், இங்கதான் ஜாக்கிரதை. ஸ்பிரிட் 80 டிகிரிக்கு பக்கத்துலயே கொதிச்சுடும், அந்த ஆவி குப்புன்னு தீப்பிடிக்கும், அதனால ஸ்பிரிட்ட நேரா அடுப்புல வைக்கவே கூடாது. தண்ணிய மட்டும் நல்லா கொதிக்க வச்சு, கேஸ ஆஃப் பண்ணி, அந்த சுடுதண்ணிய ஒரு பாத்திரத்துல ஊத்தி அடுப்படிய விட்டு வெளில, வராண்டாலயோ மாடிலயோ கொண்டு போய் வச்சதுக்கு அப்புறம்தான் ஸ்பிரிட் பாட்டில் மூடியவே திறக்கணும், சின்ன கண்ணாடி டம்ளர்ல இலை மூழ்கற அளவு ஊத்தி அத சுடுதண்ணிக்குள்ள இறக்கி வைங்க, பக்கத்துல விளக்கு ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. பெரியவங்க ஒருத்தர் கூட நிக்காம பசங்க இத தனியா செய்ய வேண்டாம். அஞ்சு பத்து நிமிஷத்துல ஸ்பிரிட் பச்சையாகும், இலை வெளுத்துப் போகும், தண்ணி ஆறிட்டா மறுபடி சுடுதண்ணி மாத்துங்க. பச்சையம் தண்ணில கரையாது ஸ்பிரிட்லதான் கரையும், அதான் இவ்வளவு பாடு.

வெளுத்த இலை மொறமொறன்னு உடையும், ஒரு தடவை சுடுதண்ணில முக்கி எடுத்தா மெத்துன்னு ஆயிடும், ஆற விட்டு சாசர்ல விரிச்சு அயோடின் ஊத்தி ரெண்டு நிமிஷம் காத்திருங்க. மூடாத இடம் கருநீலம், மூடின பட்டை பழுப்பு மஞ்சள். ஜூலியஸ் சாக்ஸ்ங்கற ஜெர்மன்காரர் 1860கள்ல இதே மாதிரி இலைய பாதி மூடி பாதி திறந்து வச்சு அயோடின் காட்டித்தான் ஒளிச்சேர்க்கைல ஸ்டார்ச் உண்டாகுதுன்னு நிரூபிச்சார், வெளிச்சம் வேணும்ங்கறத அதுக்கு முன்னாடியே 1779ல இங்கன்ஹவுஸ்ங்கற விஞ்ஞானி சொல்லிட்டார். நம்ம வராண்டால செஞ்சது அந்த சோதனைதான்.

வெள்ளையும் பச்சையுமா கலந்த இலை கிடைச்சா அதையும் செய்ங்க, வெள்ளை இடத்துல பச்சையம் இல்ல, நீலமும் வராது. ஆனா ஸ்பிரிட்ல போடறதுக்கு முன்னாடி இலைய பேப்பர்ல வச்சு எது வெள்ளை எது பச்சைன்னு வரைஞ்சு வச்சுக்கங்க. வெளுத்ததுக்கு அப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட ஒன்னுமே இருக்காது, இந்த படம்தான் ஆதாரம்.

இனி வாய். எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது, ஏன்னா செடியும் நம்ம உடம்பும் சேர்ற இடம்.

வடிச்ச கஞ்சி ஒரு ஸ்பூன் எடுத்து பத்து ஸ்பூன் தண்ணி விட்டு நல்லா கலக்குங்க. ஆறணும், சூடா இருக்கறப்ப அயோடின் விட்டா நீலம் வராது, அந்த சுருள் சூட்டுல அயோடின பிடிச்சு வச்சுக்காது. கலக்கின கஞ்சிய நாலு சின்ன டம்ளர்ல சம அளவு ஊத்துங்க. முதல் டம்ளர்ல வெறும் தண்ணி ஒரு ஸ்பூன், இதான் கட்டுப்பாட்டு சோதனை, மத்தத இதோட ஒப்பிட்டு பாக்கத்தான். ரெண்டாவதுல ஒரு ஸ்பூன் எச்சில், வாய கொப்பளிச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு சேத்தது. மூணாவதுல கொதிக்க வச்சு ஆறின எச்சில். நாலாவதுல எச்சிலோட ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர். நாலையும் கைக்குழந்தைய குளிப்பாட்டற சூட்டுல இருக்கற தண்ணில வைங்க, அது கிட்டத்தட்ட நம்ம உடம்பு சூடு 37 டிகிரிதான். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்னுலேர்ந்தும் ஒரு சொட்டு எடுத்து சாசர்ல வச்சிருக்கற அயோடின் சொட்டு மேல விடுங்க, ஒவ்வொரு டம்ளருக்கும் தனி சொட்டி, இல்லன்னா எச்சில் கலந்துடும்.

ரெண்டாவது டம்ளர் மட்டும் நீலத்துலேர்ந்து ஊதா, செம்பழுப்புன்னு இறங்கி கடைசில கலரே மாறாம நின்னுடும். சிலருக்கு சீக்கிரமே ஆகும், சிலருக்கு கால் மணி நேரம் கூட ஆகும், எச்சில்ல ஸ்டார்ச்ச உடைக்கற நொதியான அமைலேஸ் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதனால கவலைப்படாதீங்க. மத்த மூணும் நீலமாவே இருக்கும். கொதிக்க வச்சதுல நொதி புரதம் உருக்குலைஞ்சு போச்சு. வினிகர் போட்டதுல அமிலம் அத வேலை செய்ய விடல, இதேதான் வயித்துக்குள்ள நடக்குது, வாய்ல ஆரம்பிச்ச ஸ்டார்ச் செரிமானம் இரைப்பை அமிலத்துல நின்னுடும், திரும்ப சிறுகுடல்ல கணையத்துலேர்ந்து வர்ற அமைலேஸ் வந்துதான் தொடரும்.

வினிகருக்கு பதிலா எலுமிச்சை சாறு போடாதீங்க. முதல் வருஷம் நான் அதத்தான் போட்டேன், நீலமே வராம போச்சு, அமிலத்துலயும் அமைலேஸ் வேலை செய்யுதுன்னு பசங்க நோட்ல எழுதிட்டாங்க, மறுநாள் திருத்த வேண்டியதா போச்சு. எலுமிச்சைல இருக்கற விட்டமின் சி அயோடினையே நிறமில்லாம ஆக்கிடும், ஸ்டார்ச் அங்கயேதான் இருக்கும், காட்டிக்குடுக்கற அயோடின்தான் போயிடுச்சு.

இது முடிஞ்ச கையோட சுத்தமான வாயோட வேற தட்டுல வெறும் சோறு ஒரு கவளம் குடுத்து விழுங்காம ரெண்டு மூணு நிமிஷம் மென்னுக்கிட்டே இருக்க சொல்லுங்க. மெல்லிசா இனிக்கும், அது ஸ்டார்ச் உடைஞ்சு வர்ற மால்டோஸ்ங்கற சர்க்கரை. டம்ளர்ல கலர் போனது எங்க போச்சுன்னு நாக்குக்கு தெரிஞ்சிடும்.

இந்த இடத்துலதான் சர்க்கரை நோய் பத்தி பேசணும், நம்ம வீடுகள்ல தாத்தாவோ பாட்டியோ யாராவது ஒருத்தருக்கு இருக்கும், பசங்களுக்கு "இனிப்பு சாப்பிட்டா சுகர் ஏறும்"னு மட்டும்தான் தெரியும், சோறு இனிப்பில்லையே அப்புறம் ஏன் டாக்டர் அத குறைக்க சொல்றார்னு கேப்பாங்க. இப்ப அவங்களே பதில் சொல்லுவாங்க. மால்டோஸ் சிறுகுடல்ல குளுக்கோஸா உடைஞ்சு குடலுறிஞ்சி வழியா ரத்தத்துக்கு போகுது, கணையத்துல லாங்கர்ஹான் திட்டுல இருக்கற பீட்டா செல் இன்சுலின் விடுது, அது குளுக்கோஸ செல்லுக்குள்ள அனுப்பி மிச்சத்த கல்லீரல்ல கிளைக்கோஜனா சேக்க வைக்குது. இன்சுலின் போதலன்னாலோ உடம்பு அதுக்கு இணங்கலன்னாலோ ரத்தத்துலயே தங்கிடும், வெறும் வயித்துல டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 126 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ இருந்து திரும்ப பாத்தாலும் அப்படியே இருந்தா சர்க்கரை நோய். 1921ல பேண்டிங்கும் பெஸ்ட்டும் டொரான்டோல இன்சுலின பிரிச்செடுக்கற வரைக்கும் டைப் 1, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காம போற வகை, வந்த குழந்தைங்கள காப்பாத்த வழியே இல்லாம இருந்துச்சு, அத சொல்றப்ப வகுப்பே அமைதியாயிடும். தாத்தாவோட சுகர் ரிப்போர்ட்ட எடுத்து பசங்கள படிக்க வைங்க, புத்தகத்துல இருக்கற நம்பர் வீட்டு பேப்பர்ல இருக்கறத பாக்கட்டும்.

மிச்சம் இருக்கற அயோடின்ல பால் பாக்கலாம். ஒரு ஸ்பூன் பால கொதிக்க வச்சு ஆற விட்டு ரெண்டு மூணு சொட்டு விடுங்க, நீலம் வந்தா அதுல மாவு கலந்திருக்கு, லேசா மஞ்சளானா மாவு இல்ல. தண்ணி கலந்தத இது காட்டாது.

கைல துணில கறை பட்டா பயப்படாதீங்க, அந்த எலுமிச்சை சாறு இப்ப உதவும், தேய்ச்சா போயிடும். மருந்து பாட்டில இறுக்கி மூடி வெயில் படாத இடத்துல, சின்ன பசங்க கைக்கு எட்டாத தட்டுல வைங்க. தண்ணி கலந்தத சேத்து வைக்காதீங்க, நாளாக ஆக வெளுத்துடும், அடுத்த தடவைக்கு புதுசா கலக்கிக்கங்க.