ஒல்லி, கர்வி: டேப்பைப் பிடிக்கும்போது தெரியும் தவறுகள்

பெண்களுக்கு உடை தைப்பது என் தொழில். அளவெடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் டேப்பைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். "நான் கொஞ்சம் கர்வி, லூஸாவே வெச்சிடுங்க" என்பார் ஒருவர். கர்வி (curvy) என்றால் இங்கிலீஷில் வளைவுகள் உள்ள உடம்பு. அளந்தால் மார்பு, இடை, இடுப்பு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண். வளைவு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. அவர் சொல்ல வந்தது "நான் குண்டு" என்பதை. அந்தச் சொல்லைச் சொல்ல மனம் வராமல் இங்கிலீஷில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்து வருபவர் தன்னை ஒல்லி என்பார். அவருக்கோ இடைக்கும் இடுப்புக்கும் பதினோரு அங்குல வித்தியாசம். டார்ட் மேல் டார்ட், அதாவது துணியை உள்ளே மடித்துத் தைக்கும் மடிப்புகள், பிடித்தால்தான் துணி உடம்போடு உட்காரும்.

முதல் தவறு இதுதான், மற்ற பல தவறுகள் இதிலிருந்து கிளைத்தவை. ஒல்லி, குண்டு என்பவை "எவ்வளவு?" என்ற கேள்விக்கான பதில்கள். வளைவு என்பது "எப்படி?" என்ற கேள்விக்கான பதில். ஒல்லியான உடம்பில் நல்ல வளைவு இருக்கலாம், பருமனான உடம்பு நேராக இருக்கலாம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, ஒரு முனையில் ஸ்லிம், மறுமுனையில் கர்வி என்று எழுதும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

பழைய தமிழ் இதில் தெளிவாக இருந்தது. நூலிடை, கொடியிடை என்றால் மெலிவைச் சொல்கிறார்கள். துடியிடை என்றால் வேறு: துடி என்பது நடுவில் ஒடுங்கி இரண்டு முனையும் விரிந்த சிறு பறை. உடுக்கையை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், இன்று ஹவர்கிளாஸ் என்கிறார்களே, அந்த வடிவம் அதேதான். பேச்சிலும் நமக்கு நல்ல சொற்கள் உண்டு. "பூசின மாதிரி உடம்பு" என்றால் எலும்பு துருத்தாமல், குண்டாகவும் இல்லாமல் இருப்பது. "கச்சிதம்" வேறு, "நோஞ்சான்" வேறு. ஸ்லிம் என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் விழுங்கிவிட்டது.

சொல்லில் தவறினால் பரவாயில்லை. எண்ணில் தவறினால் துணி வீணாகும். ஆன்லைனில் உடை வாங்குபவர்கள் அதிகம் இடறும் இடம் "இடுப்பு" என்ற சொல். பேச்சில் நாம் வெயிஸ்ட்டையும் இடுப்பு என்கிறோம், ஹிப்பையும் இடுப்பு என்கிறோம். அளவுப் பட்டியலில் இரண்டும் வேறு வேறு கட்டங்கள். வெயிஸ்ட் என்பது இடை: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே. ஹிப், அதாவது நாங்கள் சீட் என்பது, பின்புறம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் சுற்றி எடுப்பது. பேண்ட் நிற்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி அதையே இடை என்று எழுதுபவர்கள் ஏராளம். அது இரண்டுமில்லாத மூன்றாவது அளவு.

அளக்கும்போது வயிற்றை எக்குவதும் தவறு. எக்கிய வயிற்றோடு யாரும் நாள் முழுக்க உட்கார முடியாது. சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடித்த நேரத்தில், டேப் தரைக்கு இணையாக இருக்க, தோலை அழுத்தாமல் எடுக்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிட்டதா என்று கண்ணாடியில் ஒரு பார்வை போதும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு உடம்பில் நீர் தேங்கி வயிறு உப்பும். அன்று எடுத்த அளவில் தைத்தால் அடுத்த வாரம் தொளதொளக்கும்.

இனி எடை. உயரம் 158 செ.மீ., எடை 60 கிலோ உள்ள இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், இருவருக்கும் 24. ஒருவருக்கு இடை 28 அங்குலம், இடுப்பு 39. தொடையும் பின்புறமும் கண்ணில் படுவதால் அவரை எல்லாரும் "கொஞ்சம் குண்டு" என்பார்கள். மற்றவருக்கு இடை 34, இடுப்பு 37. கை காலெல்லாம் மெல்லிசு, அதனால் அவருக்கு "ஒல்லி" என்று பெயர். இடையை இடுப்பால் வகுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு 0.72, இரண்டாமவருக்கு 0.92. பெண்களுக்கு 0.85-க்கு மேல் போனால் கவனம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருக்கமானது. ஊர் ஒல்லி என்று பாராட்டுகிறவர்தான் இங்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்.

பி.எம்.ஐ.யைக் குறை சொல்லிப் பயனில்லை, அது இதற்காகப் பிறந்ததல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே 1830-களில் மக்கள் கூட்டத்தின் சராசரியைப் புரிந்துகொள்ளப் போட்ட கணக்கு அது. அந்தப் பெயர் 1972-ல்தான் வந்தது. கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள், சித்தரஞ்சன் யாக்னிக்கும் ஜான் யுட்கினும், அருகருகே நிற்கும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆண்கள்தான், ஆனாலும் "பார்த்தாலே தெரியுதே" என்பவர்களிடம் நான் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு: இடை உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். 158 செ.மீ. உயரமென்றால் 79.

ஹவர்கிளாஸ்தான் பெண்ணின் இயல்பான வடிவம் என்று நினைப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உடலை ஸ்கேன் செய்து எடுத்த அளவுகளை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005-ல் அலசினார்கள். ஹவர்கிளாஸ் வடிவம் இருந்தது 8 சதவீதம் பேருக்கு. 46 சதவீதம் பேர் நேர்வடிவம். உடைகளில் பெரும்பாலானவை அந்த 8 சதவீதத்தை மனதில் வைத்து வெட்டப்படுகின்றன. ட்ரையல் ரூமில் "எனக்கு எதுவுமே சரியா வரல" என்று குறைபட்டால் தவறு உடம்பில் இல்லை, துணியை வெட்ட வைக்கும் மாதிரி அச்சான பேட்டர்னில்.

உடையின் கழுத்தில் இருக்கும் சைஸ் எண்ணையும் நம்பாதீர்கள். 1958-ல் அமெரிக்கா வெளியிட்ட தர அளவில் சைஸ் 8 என்றால் இடை 23.5 அங்குலம். இன்றைய சைஸ் 8 அதைவிடப் பல அங்குலம் பெரிது. வாங்குபவருக்கு மனம் குளிர எண்ணைச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். உள்ளாடையிலும் இதே கதை: "சி கப்" என்று தனியாக ஓர் அளவு கிடையாது. 34சி, 32டி, 36பி மூன்றின் கொள்ளளவும் ஒன்றுதான். எழுத்தை மட்டும் வைத்துப் பெரிது, சிறிது என்று பேசுவது வெட்டிப் பேச்சு.

"வயிற்றை மட்டும் குறைக்கணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்று கேட்பவர்களுக்கு: வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுத் தசையை உறுதியாக்கும், கொழுப்பை அந்த இடத்தில் மட்டும் கரைக்காது. எங்கே முதலில் கரையும் என்பதை உடம்பின் வாகும் ஹார்மோனும் முடிவு செய்யும். எலும்போ கரையவே கரையாது. இடுப்பெலும்பு அகலமாக அமைந்தவர் எவ்வளவு இளைத்தாலும் சீட் அளவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைவெளி குறைவாக உள்ளவருக்கு இடை ஒடுங்க இடமே இருக்காது. இன்னொன்று, மேல் உடம்பு மெலிந்தும் கால்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பருத்து, தொட்டால் வலித்து, பாதம் மட்டும் பருக்காமல் இருந்தால், அது லிப்பிடீமா என்ற நோயாக இருக்கலாம். 1940-லேயே மருத்துவர்கள் விவரித்த நோய் அது. அவர்களிடம் போய் "டயட்ல இரும்மா" என்பது கொடுமை.

போட்டோவை வைத்து அளவு சொல்லி ஆர்டர் தருபவர்களும் உண்டு. செல்போனைக் கிட்டே பிடித்து எடுத்தால் லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகும், தள்ளி இருப்பது சிறுக்கும். எடையை ஒரு காலில் போட்டு உடம்பைச் சற்றுத் திருப்பி நின்றால், இல்லாத வளைவும் வந்துவிடும். படத்துக்கு அது போதும், பேண்ட்டுக்குப் போதாது.

கடைசியாக, வடிவம் ஒருமுறை அமைந்தால் மாறாது என்ற நம்பிக்கை. கொழுப்பை இடுப்புக்கும் தொடைக்கும் அனுப்புவதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அது குறையும்போது கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரும், எடை இயந்திரத்தின் முள் நகராமலேயே. போன வருடம் ஒரு வாடிக்கையாளர், நாலு வருடத்துக்கு முன் தைத்த உடையோடு வந்து நின்றார். "ஒரு கிலோகூட ஏறல, இடுப்புல பூட்டவே மாட்டேங்குது. அன்னிக்கே தப்பா தைச்சுட்டீங்களா?" பழைய நோட்டைப் புரட்டி அன்றைய அளவைக் காட்டினேன். இடை 30. டேப்பைச் சுற்றினேன், 32. சீட் அளவு ஒன்று குறைந்திருந்தது. ஓரத்தில் விட்டிருந்த உள் தையலைப் பிரித்து இடையை அகலமாக்கி, சீட்டைப் பிடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் ஐம்பதைத் தாண்டியவர், அதனால் அடுத்த உடைக்கு உள் தையலை இரண்டு அங்குலமாக விட்டிருக்கிறேன்.