வழிகாட்டியுடன் ஒரு பகல்: பழைய தில்லியிலிருந்து புது தில்லி வரை

காசிக்கோ ஹரித்துவாருக்கோ போகிற வழியில், அல்லது அலுவலக வேலையாக வந்த இடத்தில், தில்லியைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு பகல் மட்டும் கிடைக்கிறவர்கள் நம்மில் பலர். அந்த ஒரு பகலுக்குள் செங்கோட்டை முதல் அக்ஷர்தாம் வரை பத்து இடங்களைக் காட்டுவதாகச் சொல்லும் பயணத் திட்டங்கள் நிறைய விற்கப்படுகின்றன. போய் வந்தவர்களைக் கேட்டால், இடங்களைப் பார்த்த நேரத்தைவிட வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம் என்பார்கள். ஐந்தாறு இடங்களுக்கு மேல் ஆசைப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றை வடக்கிலிருந்து தெற்காக ஒரே போக்கில் அமைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்த வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால், முகலாயர் கட்டிய தலைநகரும் ஆங்கிலேயர் கட்டிய தலைநகரும் ஒன்றையொன்று எப்படி எதிர்கொண்டு நிற்கின்றன என்பது மாலைக்குள் விளங்கிவிடும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பழைய தில்லியின் மொத்த வியாபாரக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜாமா மசூதியில் தொழுகைக் கூட்டம் பெரிதாக இருக்கும் என்பதால் பார்வையாளர்கள் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். ஆகவே செவ்வாய், புதன், வியாழன், சனி ஆகியவையே உகந்த நாட்கள். சுதந்திர தினத்தை ஒட்டிச் செங்கோட்டையும், குடியரசு தினத்தை ஒட்டி, இந்தியா கேட்டையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் இணைக்கும் கர்த்தவ்ய பாதையும் பல நாட்கள் மூடப்படும். பருவம் என்று பார்த்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்களே சிறந்தவை. நவம்பரில் புகை கண்ணை எரிக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி விலகவே முற்பகல் ஆகிவிடும். மே, ஜூன் மாத வெயிலில் முதியவர்களை அழைத்துக்கொண்டு இந்தச் சுற்றுலாவுக்குப் போகவே வேண்டாம்.

அடுத்தது வழிகாட்டி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டிகளிடம் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம், முறையான வழிகாட்டி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். கோட்டை வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறவர்களை நம்பி நாள் முழுவதையும் ஒப்படைக்காதீர்கள். முன்பதிவு செய்யும்போதே நுழைவுச் சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், ரிக்ஷா வாடகை ஆகியவை பேசிய தொகைக்குள் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தில்லியில் வாடகைக் காரைப் பெரும்பாலும் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் பேசுவார்கள். அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம் உண்டு. வண்டி உங்கள் விடுதிக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கா, அது தன் நிறுத்தத்தை விட்டுப் புறப்பட்ட நேரத்திலிருந்தா என்பதையும் தெளிவாக்கிக்கொண்டால் இரவில் வாக்குவாதம் இராது.

தமிழ் பேசும் வழிகாட்டிகள் மிகச் சிலரே என்பதால், வேண்டுமென்றால் பல நாட்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், வீட்டில் ஆங்கிலமோ இந்தியோ நன்கு தெரிந்த ஒருவர் மொழிபெயர்க்கும் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் நாலைந்து வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்திப் பேசும்படி வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடம் அவர் பொழிந்து முடித்த பிறகு, "ஷாஜகான் கட்டினாராம்" என்று மட்டும் நாம் சுருக்கிச் சொன்னால், உடன் வந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த நாள் வெறும் நடையாகவே போய்விடும்.

இன்னொரு நிபந்தனையையும் முன்கூட்டியே போட வேண்டும். என் பெற்றோரை முதன்முறை அழைத்துச் சென்றபோது, மதிய உணவுக்குப் பிறகு எங்கள் வழிகாட்டி "கைவினைப் பொருட்கள் செய்வதைப் பார்க்கலாம்" என்று ஓரிடத்துக்குக் கூட்டிப் போனார். அது ஒரு கம்பளக் கடை. தேநீர் கொடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகக் கம்பளங்களை விரித்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்து வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்று ஹுமாயூன் சமாதியை நாங்கள் வெளியிலிருந்துகூடப் பார்க்கவில்லை. கடைகள் தரும் கமிஷனுக்காக நடப்பது இது. "வழியில் எந்தக் கடைக்கும் போக மாட்டோம்" என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அதற்காக வழிகாட்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் கொடுக்கலாம்.

காலை 8 மணிக்கு ஜாமா மசூதியில் தொடங்குங்கள். ஷாஜகான் 1639-இல் யமுனைக் கரையில் தொடங்கிய ஷாஜகானாபாத் என்ற புதிய தலைநகரின் பெரிய மசூதி இது. 1656-இல் கட்டி முடிக்கப்பட்டது. காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் முற்றத்துக்குள் போக வேண்டும். முற்றத்தின் தரை செந்நிற மணற்கல். காலையில் பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும், பதினொரு மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. ஒரு ஜோடி பழைய காலுறை எடுத்துப் போவது நல்லது. கிழக்கு வாசல் படிகளின் உச்சியில் நின்று எதிரே பார்த்தால் செங்கோட்டையின் மதில் தெரியும். அரசர் கோட்டையிலிருந்து தொழுகைக்கு வந்த வாசல் அது. ஊர் எப்படி வகுக்கப்பட்டது என்பதை வழிகாட்டி அந்தப் படியிலேயே நின்று விளக்கட்டும்.

அங்கிருந்து தரீபா கலான் தெருவின் வெள்ளிக் கடைகள் வழியாகச் சாந்தினி சௌக்குக்கு நடந்து போகலாம். ஷாஜகானின் மகள் ஜஹானாரா பேகம் வடிவமைத்த கடைவீதி இது. அந்தக் காலத்தில் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. இப்போது முக்கிய வீதியில் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால், பழைய தில்லி என்றாலே பயப்படுகிற முதியவர்களும் சைக்கிள் ரிக்ஷாவில் நிம்மதியாகப் போக முடிகிறது. வழியில் உள்ள சீஸ் கஞ்ச் குருத்வாராவில் சில நிமிடங்களாவது உட்காருங்கள். ஒன்பதாம் சீக்கிய குரு தேக் பகதூர் ஔரங்கசீப்பின் ஆணையால் 1675-இல் உயிர் நீத்த இடம் அது. உள்ளே போக ஆண்களும் பெண்களும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். துணி அங்கேயே கிடைக்கும்.

வீதியின் மேற்குக் கோடியில் பதேபுரி மசூதியை ஒட்டி காரீ பாவ்லி என்னும் மசாலாச் சந்தை இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கும் முன்பே தொண்டையில் உணர்ந்துவிடுவீர்கள். வற்றல் மிளகாய் மூட்டைகளைச் சுமை கூலிகள் தலையில் வைத்துக்கொண்டு, கூவி வழி கேட்டபடி ஓடுவார்கள். மூட்டையிலிருந்து உதிரும் தூள் காற்றில் கலந்து, வருகிற ஒவ்வொருவரையும் இரும வைக்கும். வியாபாரிகளே இருமிக்கொண்டுதான் விலை பேசுகிறார்கள். ஏலக்காய், மஞ்சள், உலர்ந்த பழங்கள் எல்லாம் குவியல் குவியலாக இருக்கும். நம் ஊர் மளிகைக் கடையில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்காமல் போகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேராகக் கோட்டைக்குப் போய்விடலாம்.

செங்கோட்டைக்குப் பத்தரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நுழைவுச் சீட்டை முந்தின நாளே இணையத்தில் வாங்கிவிட்டால் ஒரு வரிசை குறையும். பாதுகாப்புச் சோதனை வரிசை எப்படியும் உண்டு. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் சார்க் நாட்டினருக்கும் இந்தியர்களுக்குரிய கட்டணமே வசூலிக்கப்படுவதால், இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு போவது நல்லது. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

கோட்டைக்குள் பலர் ஏமாற்றத்துடன் திரும்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே இவ்வளவு வெட்டவெளி ஏன், அரண்மனைகளுக்கு நடுவே சற்றும் பொருந்தாத படை வீரர் குடியிருப்புகள் ஏன் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைக் கைப்பற்றி, உள்ளிருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, அந்த இடத்தில்தான் இந்தக் கட்டடங்களை எழுப்பியது. மயிலாசனத்தை அதற்கு முன்பே 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா கொள்ளையிட்டுக் கொண்டு போயிருந்தார். 1945-இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான விசாரணையும் இதே கோட்டைக்குள் நடந்தது. ஆகவே தூண்களின் அழகை மட்டும் காட்டும் வழிகாட்டியிடம், "இங்கே இல்லாமல் போனவை எவை?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி உங்களைத் திவானி ஆம் என்ற பொதுச் சபை மண்டபத்தின் ஓரத்தில் நிறுத்தி, வெறும் புல்வெளியைக் காட்டி, அங்கே என்ன இருந்தது என்று சொல்லத் தொடங்குவார்.

காந்தியடிகளின் உடல் 1948 ஜனவரி 31 அன்று எரியூட்டப்பட்ட ராஜ்காட் அங்கிருந்து மிக அருகில்தான். கருநிறப் பளிங்கு மேடையின் முன் பத்து நிமிடம் அமைதியாக நின்றால் போதும், பேச்சு தேவையில்லை. பிறகு உணவு. அரிசிச் சோறு இல்லாமல் முடியாதவர்களுக்கு இந்தியா கேட் பக்கத்தில் உள்ள ஆந்திர பவன் உணவகம் பொருத்தமானது. ஒரு மணிக்கு முன்பே போனால் வரிசை குறைவாக இருக்கும்.

கார் வைக்காமல் வழிகாட்டியை மட்டும் அழைத்து வந்தவர்கள், லால் கிலா (செங்கோட்டை) நிலையத்தில் ஊதா நிற மெட்ரோ பிடித்தால் மாறாமலே மத்தியச் செயலகம் போய் இறங்கலாம். சில நிமிடங்களில் ஷாஜகானின் நகரிலிருந்து 1931-இன் நகருக்கு வந்துவிடுவீர்கள். 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் முக்கியப் பொறுப்பேற்று எழுப்பிய புது தில்லி 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

பெரும்பாலான சுற்றுலாக்களில் இந்தப் பகுதியை வண்டியின் ஜன்னல் வழியாகவே காட்டி முடித்துவிடுகிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், இந்தியா கேட்டிலிருந்து, ரைசினா குன்றின் அடிவாரச் சதுக்கமான விஜய் சௌக்கை நோக்கி ஒரு பகுதியாவது நடந்து பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது ரைசினா குன்றின் மேல் குடியரசுத் தலைவர் மாளிகை தூண்வரிசையோடு முழுதாகத் தெரியும். நெருங்க நெருங்க அது மேலும் பெரிதாகத் தெரிவதற்குப் பதில், சாலையின் ஏற்றத்துக்குப் பின்னால் மெல்ல இறங்கும். விஜய் சௌக்கில் நிற்கும்போது மாளிகை ஏறக்குறைய மறைந்து, குவிமாடம் மட்டுமே மிஞ்சியிருக்கும். இரு புறமும் பேக்கர் கட்டிய செயலகங்களே கண்ணை நிறைக்கும். அந்தச் சரிவின் அளவைப் பற்றித்தான் இரு கலைஞர்களுக்கும் தீராத பகை ஏற்பட்டது. தன் மாளிகை கடைசி வரை கண்ணில் பட வேண்டும் என்று லட்யன்ஸ் வாதாடித் தோற்றார். புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் விளங்காத இந்தச் சண்டை, நூறு அடி நடந்தால் விளங்கிவிடும்.

இந்தியா கேட் 42 மீட்டர் உயரம்; போரில் இறந்த பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் பின்னே உள்ள மண்டபத்தில் ஒரு காலத்தில் ஐந்தாம் ஜார்ஜின் சிலை நின்றது. அது அகற்றப்பட்ட பிறகு பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் 2022 முதல் நேதாஜியின் சிலை நிற்கிறது. நாடாளுமன்றத்தின் வட்டமான பழைய கட்டடமும், 2023-இல் திறக்கப்பட்ட முக்கோண வடிவப் புதிய கட்டடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், ஒரு நாள் சுற்றுலாவில் உள்ளே போக இயலாது. 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் வழங்கிய செங்கோல் இப்போது அந்தப் புதிய மக்களவையில்தான் இருக்கிறது என்பதை வெளியே நின்றபடி பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மூன்று மணி அளவில் ஹுமாயூன் சமாதி. கணவர் இறந்த பின் அவருடைய மனைவி ஹாஜி பேகத்தின் முயற்சியால் எழுந்த கட்டடம். தாஜ்மகாலுக்கு அறுபது, எழுபது ஆண்டுகள் மூத்தது. ஆக்ரா போக நேரமில்லாதவர்கள் இங்கே ஒரு மணி நேரம் தாராளமாக ஒதுக்கலாம், நீர்வாய்க்கால்கள் பிரித்த தோட்டத்தில் உட்கார்ந்து கால் வலியையும் ஆற்றிக்கொள்ளலாம். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் 1857 செப்டம்பரில் இங்கேதான் பிடிபட்டார். காலையில் அவருடைய கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இந்தச் செய்தி மனத்தை அழுத்தும்.

குதுப் மினாரை மாலைக்கு வைத்திருப்பதற்குக் காரணம் வெயில். சாயும் ஒளி படும்போது 72.5 மீட்டர் கோபுரத்தின் மணற்கல்லில் பொறித்த எழுத்துகள் புடைத்துத் தெரியும். கீழ் மூன்று அடுக்குகள் மணற்கல்லாகவும் மேலிரண்டில் பளிங்கு கலந்தும் இருப்பது அப்போது தெளிவாகும். இடி விழுந்து சிதைந்த மேற்பகுதியைத் தில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் திரும்பக் கட்டியதால் வந்த வேறுபாடு அது. 1981-இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற யாருக்கும் அனுமதி இல்லை. கோபுரத்தின் அருகே உள்ள பழைய மசூதி முற்றத்தின் தூண்களைக் கையெட்டும் தூரத்தில் பாருங்கள்: சங்கிலியில் தொங்கும் மணிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். கோயில்களை இடித்து எடுத்து வந்த தூண்கள் அவை. நடுவே நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண் ஏழு மீட்டருக்கும் சற்று உயரமானது. இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் காப்புப் படலம் உருவாகி, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக அதைத் துருவிலிருந்து காத்து வருகிறது.

வழிகாட்டிக்குரிய தொகையைக் குதுப் மினார் வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிடலாம். அவர் மஞ்சள் நிற மெட்ரோவில் திரும்பிக்கொள்வார். இரவு விமானம் பிடிக்கிறவர்களுக்கு விமான நிலையம் அங்கிருந்து பக்கம். நேரம் மிச்சமிருந்தால், வழியில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் உள்ள உத்தர சுவாமிமலை முருகன் கோயிலில் மாலைப் பூசைக்கு இறங்கலாம். படிகள் அதிகம் என்பதால், பகல் முழுவதும் நடந்த முதியவர்களைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.