சிறுவயதில் கப்பல் விபத்திலிருந்து தப்பியவரின் வாழ்க்கையை எழுதும் முறை

கப்பல் மூழ்கியபோது குழந்தையாக இருந்து தப்பிய ஒருவரின் வரலாற்றை எழுத முனைவோர், முதல் வரியை எழுதுமுன் ஒரு தாளைக் கோடிட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணால் கண்டது ஒன்றிலும், வீட்டார் சொல்லக் கேட்டது இன்னொன்றிலும், ஆவணங்களில் உள்ளது மூன்றாவதிலும் சேரட்டும்.

விபத்தின்போது அவருடைய வயது என்ன என்பதை அடுத்துப் பாருங்கள். டைட்டானிக்கில் பயணம் செய்த மில்வினா டீன் அப்போது இரண்டு மாதக் குழந்தை. தாம் அக்கப்பலில் இருந்ததையே, தாய் மறுமணத்துக்கு ஆயத்தமான நாளில், எட்டு வயதில்தான் அறிந்தார். இத்தகையவருக்கு முதல் பகுதி வெறுமையாகவே இருக்கும். அதைக் கற்பனையால் நிரப்பாதீர்கள்.

அதே கப்பலில் வந்த ஈவா ஹார்ட்டுக்கு ஏழு வயது. கனடாவின் வின்னிபெக்கில் குடியேறப் புறப்பட்ட அக்குடும்பம் வேறொரு கப்பலில் செல்ல இருந்தது; நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் டைட்டானிக்குக்கு மாற்றப்பட்டது. மூழ்காத கப்பல் என்ற பேச்சே தெய்வத்தைச் சீண்டுவதாகும் என்று அஞ்சிய தாய் எஸ்தர், பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தார். தந்தை பெஞ்சமின் மகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிச் சென்று, அம்மாவின் கையைப் பற்றிக்கொள்ளச் சொல்லிப் படகில் ஏற்றினார். அதன்பின் அவரை ஈவா காணவில்லை.

கப்பல் இரண்டாகப் பிளந்ததைப் பார்த்ததாக ஈவா வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். 1912-இல் பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையோ, அது பிளவுபடாமல் மூழ்கியதாகவே முடிவு செய்தது. 1985-இல் கடலடியில் கண்டறியப்பட்ட கப்பல் இரு துண்டுகளாகக் கிடந்தது. ஆகவே ஆவணத்தோடு முரண்படும் குழந்தையின் சாட்சியத்தை அடித்துவிடாமல், இரண்டையும் அருகருகே எழுதிவையுங்கள். என் மதிப்பில் இந்த வேலையிலேயே மிக முக்கியமான விதி இதுதான்.

கடிதங்களைத் தேடுவதில் சலிப்பு கூடாது. ஏப்ரல் 14 அன்று எஸ்தர் கப்பலின் தாளில் எழுதிய கடிதத்தின் அடியில், எல்லோருக்கும் அன்பும் முத்தங்களும் அனுப்பி ஈவா தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். குளிருக்காக மனைவிக்குத் தந்தை கொடுத்த மேலங்கியின் பையில் இருந்ததால் அக்கடிதம் பிழைத்தது. அந்த ஒரு வரியில் தெரியும் சிறுமியை நேர்காணல்கள் எதிலும் காண முடியாது.

தப்பியவர் உயிரோடிருந்தால், பேச்சை அந்த இரவிலிருந்து தொடங்காதீர்கள். பள்ளி, வீடு, வேலை என்று கேட்டு வாருங்கள். "பயமாக இருந்ததா?" என்று பதிலைக் கேள்வியிலேயே வைக்காமல், "என்ன சத்தம் கேட்டது? யார் பக்கத்தில் இருந்தார்?" என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

பக்கங்களைப் பங்கிடுவதிலும் கவனம் வேண்டும். டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்க எடுத்துக்கொண்டது 2 மணி 40 நிமிடம். ஈவா வாழ்ந்ததோ 91 ஆண்டுகள். கெட்ட கனவுகள் நீங்காததால் தாய் இறந்தபின் வேண்டுமென்றே மீண்டும் கப்பலேறியதும், மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியதும், தந்தையின் கல்லறையாகக் கருதிய இடத்திலிருந்து பொருள்களை எடுப்பதை எதிர்த்ததும், 1996-இல் மறைந்ததும் அந்த இரவுக்கு நிகரான இடம் பெற வேண்டும்.