டர்பன் ரிக்‌ஷாக்காரர் அட்டைக்கு வயது கணிப்பது எப்படி

பழைய தபால் கார்டு விற்பவர்களிடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் ரிக்‌ஷாக்காரர் படம் ஒன்றாவது இருக்கும். தலையில் மாட்டுக்கொம்பு, இறகு, மணிகள்; முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோல் வெள்ளைச் சுண்ணாம்புக் கோலம். எதைக் கேட்டாலும் "1890 சார்" என்பார்கள். நம்பாதீர்கள். கப்பல் வேலையில் இருந்தபோது தொடங்கிய பழக்கம், இந்த அட்டைகள் என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான், சேதியைப் படத்தின் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்கள் என்றால் மிகப் பழையது. நடுவில் கோடு போட்டுச் சேதிக்கும் இடம் விட்ட அட்டைகளை பிரிட்டன் 1902இல் அனுமதித்தது. மற்ற இடங்களுக்கு அது அப்புறம்தான் பரவியது. அடுத்து தபால் தலை. 'நேட்டால்' (டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனி) என்று இருந்தால் உடனே 1910க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவான பிறகும் பழைய தலைகள் செல்லுபடியாகின. முத்திரைத் தேதிதான் சாட்சி. தபால் தலையின் விலை சென்ட்டில் இருந்தால் 1961 அல்லது அதற்குப் பிறகு.

சரி, இப்போது படம். பின்னணியில் மின்சார டிராம் ஓடினால் 1902க்கு முன்னால் போக முடியாது. பெரிய குவிமாடத்தோடு நகர மண்டபம் தெரிந்தால் 1910 அல்லது அதற்குப் பிறகு.

ஆள் மேல் கண்ணைக் கடைசியாக வையுங்கள். கொம்பை விட்டுவிட்டு லென்ஸை உடுப்பின் மேல் பிடியுங்கள். வெளுக்காத காடாத் துணியில் சட்டை, முழங்கால்வரை கால்சட்டை, ஓரத்தில் ஒற்றைச் சிவப்புப் பட்டை: இது நகராட்சி கட்டாயமாக்கிய சீருடை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பட்டை கருங்கோடாகத் தெரியும். மார்ஷல் கேம்பல் என்ற சர்க்கரை முதலாளி 1892இல் ரிக்‌ஷாவை டர்பனுக்குக் கொண்டுவந்தார். (அவருடைய மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் உழைத்தார்கள்.) பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இழுப்பவர்கள் ஏறக்குறைய 2,000 பேர் ஆகிவிட்டார்கள், பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஜூலு இனத்து இளைஞர்கள். அத்தனை பேருக்கும் ஒரே காடா என்றால் சவாரிக்காரர் கண்ணில் படுவது எப்படி? கொம்பும் இறகும் அந்தப் போட்டிக்கு நன்றாகவே உதவியிருக்கும். "ஆதிகால ஜூலு உடை" என்று அட்டையில் அச்சடித்தவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. இது தெருவில் பிழைத்தவர்கள் தங்கள் மரபிலிருந்து எடுத்துச் சமைத்த அலங்காரம்.

டிராமும் பஸ்ஸும் டாக்சியும் சவாரியைப் பறித்தபின் ரிக்‌ஷா கடற்கரைச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று சுருங்கியது. ஆள் அகலத்துக்கு மணி கோத்த மார்புப் பட்டையும், தோளைத் தாண்டி விரியும் தலையணியும், பின்னால் கடலோர ஓட்டல்களும் இருந்தால், படம் கலரில் இருந்தால், அது அந்தப் பிற்காலத்து அட்டை. அதற்கு விற்பவர் கேட்கும் பழம்பொருள் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கியபின் தபால் தலையை நீராவி காட்டிப் பிரித்துவிடாதீர்கள். முத்திரையில் பாதி தலையோடு போய்விடும்.